பூண்டுப் புகையும் வெள்ளைத் துணியும்

3-9-61, பூம்பாறை

சனியன் பிடித்த ஊர். அடுப்புக்கு மேலே உத்தரம் முழுக்கப் பூண்டுக் கட்டு. புகை வெளியே போய்விடக் கூடாதென்று ஜன்னலைச் சாக்கால் அடைத்திருக்கிறார்கள். புகை பட்டால்தான் பூண்டு கெடாதாம். அடுப்புக்குப் பக்கத்திலேயே வேலுத்தாயின் கைக்குழந்தை, தொட்டிலில் இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது. அவள் புருஷன் பட்டாளத்தில்; மாமனார் திருமலைச்சாமி, "மலைக்குளிருங்க. புகை என்ன செய்யும்?" என்கிறார். கொடைக்கானல் டாக்டரோ ஆதாரம் கேட்கிறார். சுகாதார இன்ஸ்பெக்டர் நான் சொன்னால் போதாதாம்.

4-9-61

தொட்டிலுக்கு மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டினேன். மற்ற வீடுகளிலும். அடுத்த திங்கள் வந்து பார்ப்பேன் என்று சொல்லியாயிற்று. படிகிற கரியைத் துணியே காட்டட்டும்.

11-9-61

வெள்ளை. எல்லா வீட்டிலும் பளிச்சென்று வெள்ளை! என் கண் எரிகிறது, துணிக்கு ஒன்றுமில்லையா? துணிகளைக் கொண்டுபோய்க் காட்டியதும் டாக்டர் சிரித்த சிரிப்பு — பற்றிக்கொண்டு வருகிறது.

12-9-61

துவைத்திருக்கிறார்கள்!

வேலுத்தாய் பெருமையாகவே சொன்னாள்: "ஆபீசரு வர்றீகன்னு வெள்ளனே துவைச்சுப் போட்டேங்க. அழுக்கத் தொங்க விட்டா, இதெல்லாம் ஒரு குடித்தனமான்னு கேக்க மாட்டீகளா?"

அடிப்பாவி, அந்த அழுக்குதான் உன் பிள்ளை நெஞ்சுக்குள்ள போகுது என்று கத்திவிட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. பூண்டை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றலாமா என்று மாமனாரிடம் மெல்லக் கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். "பூண்டு அழுகிப்போனா ஒங்க வீட்லயா வந்து சாப்பிடுறது? சோலியப் பாத்துக்கிட்டுப் போங்க."

துணியை மறுபடி கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். என் திமிர்தான். இருக்கட்டுமே.

15-9-61

ஊரில் ஒருத்தனும் முகம் கொடுப்பதில்லை. டீக்கடையில் எனக்கு மட்டும் பால் தீர்ந்துவிட்டதாம். போங்கடா.

24-9-61

காலையில் என் வாசலில் திருமலைச்சாமி. வேலுத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல்மலைப் போளூருக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். நான் வந்துபோன மறுநாளே. வீட்டைவிட்டுப் பூண்டு போனால்தான் திரும்புவாளாம். இவர் தனியாக உட்கார்ந்து பூண்டுக்குப் புகை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"பிள்ளைக்கு இழுப்பு?" என்றேன்.

"நின்னுபோச்சாம்." அதுவும் என் குற்றம்போல.

கையில் சுருட்டி வைத்திருந்ததை என் மேலே எறிந்தார். "என் குடும்பத்தப் பிரிச்ச துணி. நீயே வச்சுக்க."

அவர் போன பிறகு விரித்துப் பார்த்தேன். சட்டியின் அடிப்புறம்போலக் கறுத்துக் கிடந்தது. துவைக்கத்தான் வீட்டில் ஆள் இல்லையே.