நான்கு திருகாணிகள்

அரிப்பு, மன்னார் மாவட்டம்
12.08.2014

அன்பின் நண்பன் டொமினிக்குக்கு,

சிங்கராசா எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். நோர்வேக் குளிரில் நீயும் உறையாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். மனைவி மாக்கிறட்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் கொம்பனிக்காக நீ வரைந்து கொடுத்த வலை விளக்குக்கு இங்கே நல்ல பெயர். வலையில் கட்டி மிதக்கவிட்டால் முள்ளிக்குளம் வரைக்கும் தெரிகிறது என்று சனம் புளுகுகிறது. முதலில் வந்த விளக்குகளில் உப்புத் தண்ணீர் புகுந்தபோது, திருகாணியே வேண்டாம், நன்றாக ஒட்டி அனுப்பு என்று உனக்கு எழுதியவன் நான்தானே. நீயும் ஒட்டி அனுப்பினாய்.

ஆனால் இரண்டு வருடத்தில் அதன் பற்றரி செத்துப்போகிறது. பழைய விளக்கில் நான்கு திருகாணிகள் இருந்தன. மாக்கிறட் குசினி வாசலில் இருந்து அவற்றைக் கழற்றி, பற்றரி, பிளாஸ்ரிக், செம்புக் கம்பி என்று தனித்தனிக் கூடையில் போடுவாள். பழைய சாமான் எடுக்கும் சாஹுல் ஹமீட் மன்னாரிலிருந்து வந்து ஏற்றிப்போவார். இப்போது அவர், கழட்டினதைத் தாங்கோ அண்ணன், ஒட்டினதை ஒருத்தரும் எடுக்கினமில்லை என்கிறார். கடலில் எறிய மனம் வரவில்லை. புதைப்பதென்றால் பக்கத்தில் கிணறு. வீட்டுக் கோடியில் குவிந்து கிடக்கிறது.

மாக்கிறட் கத்தியைச் சூடாக்கி ஒன்றைப் பிளந்தாள். பற்றரி வெடித்துவிட்டது. இடது கண் போய்விட்டது, டொமினிக். யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோய்க் காட்டினோம். இனிப் பார்வை வராதாம். வலது கண்ணும் கலங்கலாகத்தான் தெரிகிறது. உனக்கு எழுதக்கூடாது, நீ மனம் உடைந்துபோவாய் என்றாள். அதனால்தான் மூன்று மாதமாக எழுதவில்லை.

போன வாரம் உன் கடிதம் வந்தது. அடுத்த விளக்கும் ஒட்டித்தான் வரும், அச்சு வெட்டியாயிற்று, என் கையில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். என் கையிலும் ஒன்றும் இல்லை. விளக்கில்லாமல் வலை விட்டால் இழுவைப் படகு றோலர் அறுத்துக்கொண்டு போய்விடும். வாங்காமலும் இருக்க முடியாது.

ஆனாலும் உங்கள் கந்தோரில் பெரியவர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பார். நான்கு திருகாணி, உள்ளே ஒரு றப்பர் வளையம். தண்ணீரும் புகாது, கழற்றவும் முடியும். ஒட்டச் சொன்ன மடையன் சிங்கராசாதான் என்றே சொல்லு, எனக்கு வெட்கமில்லை. நான் கடலுக்குப் போன பிறகு மாக்கிறட் கோடிக்குப் போய், திருகாணி உள்ள பழைய விளக்கு ஏதும் கிடக்கிறதா என்று அந்தக் குவியலைத் தடவித் தடவித் தேடுகிறாளாம். மகள் பெற்றிசியா சொல்லி அழுதாள்.

மாக்கிறட்டின் கண்ணுக்காக நாங்கள் தினமும் மன்றாடும் புனித லூசியம்மாள், உன் கண்களையும் உன் பிள்ளைகளின் கண்களையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்,
சிங்கராசா