ஜெர்மனியம்மா படம் போட்ட ஃபிளக்ஸ்

என் உயிருக்கு உயிரான மதினிக்கு,

மழை இல்லை. இந்த வருசமும் பருத்தி பாதிக் காட்டில் கருகிவிட்டது. அதெல்லாம் உங்களுக்குப் பழகிய சங்கதிதான். இன்று எழுத உட்கார்ந்தது உங்கள் மகள் ஜோதியைப் பற்றி. எனக்குப் பயமாக இருக்கிறது மதினி.

அவள் சடங்குக்கு நீங்கள் அடித்த ஃபிளக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? ஊரில் எல்லாரும் மேலே கட்சித் தலைவர் படம் போடுவார்கள். வார்டு மெம்பரான நீங்கள் அந்த இடத்தில் ஜெர்மனியம்மாவைக் கைகூப்பி நிற்க வைத்து, ‘வருக வருக’ என்று போட்டுவிட்டீர்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டது. “கூட்டத்துல எந்திரிச்சுப் பேச எனக்குச் சொல்லிக் குடுத்தவுக. அவுகளப் போடாம யாரப் போட?” என்று அதன் வாயை அடைத்தீர்கள்.

அந்த அம்மா அவர்கள் நாட்டுக் கட்சி ஒன்றைச் சேர்ந்த அறக்கட்டளையின் ஆள். அவர்கள் மதுரையில் ஒரு சங்கத்துக்கு உதவினார்கள். அந்தச் சங்கம் உங்களைப் போன்ற பெண் மெம்பர்களை அருப்புக்கோட்டையில் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுத்தது. கிராமசபையில் கேள்வியை எப்படிக் கேட்பது, தீர்மானத்தை வாசித்துக் காட்டும் முன் ஏன் கையெழுத்துப் போடக் கூடாது, இவைதான் பாடம். மதியம் சாம்பார் சாதம். வேறொன்றும் கிடையாது.

“எங்க ஓட்டு ஒங்க கட்சிக்குச் செல்லாதே, பெறகு எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீக?” என்று நீங்கள் நேராகவே கேட்டீர்களாம். எங்கள் நாட்டில் யாரும் கேள்வி கேட்காத காலம் ஒன்று இருந்தது, அதன் முடிவை நாங்கள் பார்த்துவிட்டோம் என்று அவர் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை.

சடங்கன்று ஃபிளக்ஸைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது. இறக்கிவிடுங்கள், நாங்கள் முன்னால் தெரியக் கூடாது என்று, மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம் கெஞ்சினார். “வெக்கப்படுறாக” என்று சொல்லி நீங்கள் அவர் கன்னத்தில் இன்னும் கொஞ்சம் சந்தனம் பூசினீர்கள். அது வெட்கமில்லை மதினி, பயம். எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

விசேஷம் முடிந்ததும் ஃபிளக்ஸை வீணாக்குவானேன் என்று, பஸ் ஸ்டாப்பில் இருக்கிற என் பெட்டிக்கடை முன்னால் வெயிலுக்குக் கட்டினோமே, அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது. படம் உள்பக்கம். கடையில் உட்கார்ந்து அண்ணாந்தால் நீங்களும் தெரிவீர்கள்.

மதுரைச் சங்கம் இப்போது இல்லை. வெளிநாட்டிலிருந்து உதவி வாங்கும் அனுமதி போய்விட்டது, போர்டைக் கழற்றிவிட்டார்கள். இங்கே நம் கம்மாயில் டிப்பர் லாரிகள் இறங்கியிருக்கின்றன. வண்டல் எடுக்கிறோம் என்று சொல்லி, கரையோரம் வரை ஆள் உயரத்துக்குத் தோண்டிவிட்டார்கள். யார் தீர்மானம் போட்டது, வாசித்துக் காட்டுங்கள் என்று போன கிராமசபைக் கூட்டத்தில் ஜோதி கேட்டாள். அச்சு அசல் உங்கள் குரல்.

போன வாரம் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. கலர் வாங்கிக் குடித்துக்கொண்டே ஒருவர் அண்ணாந்து பார்த்தார். போனை எடுத்து ஃபிளக்ஸைப் படம் பிடித்தார்.

“காந்தி ஜெயந்திக் கிராமசபைக்கு ஒங்க அண்ணன் மகள வர வேணாம்னு சொல்லுங்கக்கா. வெயிலு கடுமையா இருக்கு.”

நான் மீதிச் சில்லறையை நீட்டினேன்; வாங்கிக்கொண்டே அவரே கேட்டார்.

“அருப்புக்கோட்டைல கம்ப்யூட்டர் சென்டர்லதான வேல? ஏழரை பஸ்ஸுல எறங்கி கம்மாக்கரை வழியாத்தான நடந்து வரும்?”

மறுநாள் காலையில் அந்தப் படம் எல்லார் போனிலும் இருந்தது. அந்நிய நாட்டுக்காரர் ஆட்டிவைக்கும் குடும்பம் என்று கீழே எழுதியிருந்தார்கள். அந்தச் சடங்கில் கை நனைத்தவர்களே அதை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். டீக்கடையைத் தாண்டினால் பேச்சு நின்றுபோகிறது. அண்ணன் வாசலிலேயே கட்டிலைப் போட்டுப் படுக்கிறது.

ஜெர்மனியம்மா மேல் எனக்குக் கோபம் வருகிறது மதினி. அவர்கள் வந்தார்கள், உங்களுக்கு வாயைத் திறந்துவிட்டார்கள், விமானம் ஏறிவிட்டார்கள். நமக்கு இருப்பது இந்த ஏழரை பஸ் ஒன்றுதான். அவர்கள் செய்தது நல்லதா? நீங்கள் உயிரோடு இருந்தால் என்ன சொல்வீர்கள்?

ஃபிளக்ஸை அவிழ்க்க நேற்று ஸ்டூலில் ஏறினேன். ஜோதி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கழட்டாதீங்க அத்தை. கழட்டுனா தப்புப் பண்ணுனவுக மாதிரி ஆயிரும். மண்ணு போறது நம்ம கம்மாய்ல. அதக் கேக்க எனக்கு எந்த நாட்டுக்காரவுக வந்து சொல்லணும்?”

கயிற்றை அவளே இழுத்துக் கட்டினாள். கூட்டத்துக்கும் போவாள். உங்கள் பிள்ளை, சொன்னால் கேட்கவா போகிறது?

அதனால் உங்களுக்கு ஒரு வாக்கு. இனி எந்தச் சாயங்காலமும் அவள் கரையில் தனியாக நடக்க மாட்டாள், டார்ச்சோடு நான் நிற்பேன். கூட்டத்தன்று கடையைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்காருவேன். பத்துப் பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவள் நான், உங்களுக்குத் தெரியும். இரண்டு நாளாக ஆள் இல்லாத நேரத்தில் கடைக்குள் நின்று “வாசிச்சுக் காட்டுங்க” என்று சொல்லிப் பார்க்கிறேன். குரல் தொண்டையைத் தாண்ட மாட்டேன் என்கிறது. அவளை உட்கார வைத்தார்கள் என்றால் நான் எழுந்திருப்பேன் மதினி. தாண்டினாலும் தாண்டாவிட்டாலும்.

பஸ் சத்தம் கேட்கிறது. போய் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உங்கள் மகளுக்கு அத்தை,
உங்களுக்கு என்றும் நாத்தனார்,
பாக்கியம்