அப்பாவின் வெல்டிங்கில் ஓட்டை இல்லை

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா?

அப்பா என்ன செய்கிறார் என்று போனில் கேட்டாய், நான் மழுப்பிவிட்டேன். நம் தெருக்காரர்கள் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்து வேனுக்கு டீசல் வாங்கி மாளவில்லை என்று, கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்க ஒரு சின்ன எந்திரம் செய்து தரச் சொன்னார்கள். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் வெல்டிங் செய்த மனிதர், கேட்க வேண்டுமா, யாரோ தூக்கிப் போட்ட பாய்லரைக் கொண்டுவந்து, உள்ளே சூடேற்ற வெந்நீர் ஓடும் குழாய், கலக்க ஒரு மோட்டார் என்று இரண்டே மாதத்தில் முடித்துவிட்டார். எண்ணெயைச் சோதிக்கும் வேலை எனக்கு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராகக் காலம் தள்ளியது வீண் போகவில்லை என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் தடவை மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்கி, எல்லோரும் சுற்றி நிற்க அப்பா பாய்லரின் அடியில் இருந்த குழாயைத் திறந்தார். வந்தது டீசல் இல்லை, கொழகொழவென்று சோப்பு. எண்ணெயில் தண்ணீர் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். வெந்நீர்க் குழாய் எங்கோ ஒழுகுகிறது, என் வெல்டிங்தான் சரியில்லை என்று அப்பாவே சொல்லிவிட்டார். பெரியவருக்குக் கை நடுங்குது போல, வேற ஆளப் பாத்துக்கலாம் என்று சங்கச் செயலாளர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. ஆனால் தப்பு என்னுடையது. எண்ணெய் வாங்கிவரும் டப்பாக்களை ஆய்வகத்துப் பழக்கத்தில் நான்தான் பளபளவென்று கழுவி அனுப்பினேன், ஈரம் வடிந்ததா என்று பார்க்கவில்லை. எண்ணெயில் அமிலம் எவ்வளவு என்று சோதித்தவளுக்குத் தண்ணீர் நினைப்பே வரவில்லை.

நாலு நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா பாட்டுக்கு பாய்லரைக் கழற்றி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் வேறு ஆளை வைப்பதைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். எழுந்து நின்று, அவர் கைல ஒரு குறையும் இல்ல, டப்பாவ ஈரத்தோட குடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்ப இவங்க ரெண்டு பேருமே தொடரட்டும் என்று கூட்டத்தை முடித்தார். அடுத்த தடவை டப்பாக்களை வெயிலில் காயவைத்து, எண்ணெயையும் முதலில் நன்றாகச் சூடாக்கி ஈரத்தை விரட்டினோம், மேலே பொன்னிறமாக டீசல் தெளிந்தது. வேன் இப்போது அதில்தான் ஓடுகிறது, அது போன வழியெல்லாம் பொரித்த வாடை.

கூட்டம் முடிந்து நடந்து வரும்போது, இத்தனை நாள் உங்களை வீணாக அலைக்கழித்துவிட்டேன் என்று அப்பாவிடம் அழுதேன். சோப்பு வந்த அன்னைக்கே தெரியும், டப்பாவத் திறந்து பாத்தேன், அடில தண்ணி நின்னுச்சு என்றார். அப்புறம் எதற்கு ஓட்டை தேடினீர்கள் என்றேன். சின்னவ போனதுக்கப்புறம் நீ இந்த வேலைலதான் சிரிச்சே, அதக் கெடுக்க மனசு வரல என்றார். இந்த மனிதருக்கு மனசில் இருப்பதைச் சொல்லத் தெரியாது என்று உன்னிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன், அதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் மனசு ஒருவருக்குத் தெரிந்து நன்றாக இருக்க வேண்டும். நான் இதை எழுதியதாக அப்பாவிடம் மூச்சு விடாதே, கூச்சப்படுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா