என் முழங்காலுக்கு நீங்கள் நேர்ந்துகொண்டது

தாராவி
4.2.2026

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களோடு பேசமாட்டேன் என்று முந்தாநாள் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் மத்தியானச் சாப்பாட்டு கேரியரின் மேல் தட்டில் இதை வைத்து டப்பாக்காரரிடம் கொடுக்கிறேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படியுங்கள்.

ஊரிலிருந்து உங்கள் அக்கா மாடத்தி மதினி போன் செய்திருக்காவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. "முட்டுவலி தீந்துட்டாம்லா, ஓட்டத்த எப்போ நிறுத்தப் போற?" என்று கேட்டார்கள். பொங்கலுக்குப் போன இடத்தில் நீங்கள் அம்மன் முன்னால் நின்று, என் வலி தீர்ந்தால் வெள்ளியில் ஒரு கால் செய்து போடுவதாகவும், அதோடு நான் இனி ஓடவே மாட்டேன் என்றும் நேர்ந்திருக்கிறீர்கள்.

வெள்ளிக்கால் உங்கள் பணம், போடுங்கள். நான் ஓடமாட்டேன் என்று சொல்ல நீங்கள் யார்? கால் எனக்கு, வாய் மட்டும் உங்களுக்கா? இருபத்திரண்டாம் தேதி மாட்டுங்காவில் பெண்களுக்கான ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். பெயர் கொடுத்தாயிற்று, நம்பர் அட்டையும் வந்தாயிற்று. ஓடத்தான் போகிறேன்.

உமா


செம்பூர், கடை
4.2.2026

உமாவுக்கு,

காலிக் கேரியரில் வைத்து அனுப்புகிறேன். ரசத்தில் உப்பில்லை. மறந்தாயா, வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்கவில்லை.

சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் உன்னிடம் சொன்னார். நீ ஓடினாய். நாற்பத்திரண்டு வயதில் விடியற்காலையில் பேண்ட் மாட்டிக்கொண்டு ஓடுகிறாயே என்று தெருவே பேசியது, பொறுத்துக்கொண்டேன். டிசம்பரில் நீ சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக மாடியிறங்கியதைப் பார்த்த பிறகு பொறுக்க முடியவில்லை. எங்கள் அம்மா ஐம்பது வயதில் முட்டுவலி என்று உட்கார்ந்தவள் அப்புறம் தெருவுக்கே வரவில்லை. உனக்குச் சொந்த அத்தை, உனக்குத் தெரியாததா? அந்தப் பயத்தில்தான் நேர்ந்தேன்.

வலி தீர்ந்ததா இல்லையா? அம்மன் அவள் பங்கைச் செய்துவிட்டாள். நம் பங்கைச் செய்யாவிட்டால் வீட்டுக்கு ஆகாது. கொடுத்த பெயரைத் திருப்பி வாங்கு.

இசக்கிராஜ்


தாராவி
6.2.2026

அத்தானுக்கு,

இன்றைக்கு உப்பு சரியாகப் போட்டிருக்கிறேன். உங்கள் பேச்சு மறுபடி உப்பின் பக்கம் போய்விடக் கூடாது.

வலி எப்படித் தீர்ந்தது என்று நீங்கள் கேட்டதே இல்லை, நானே சொல்கிறேன். புது ஷூ வாங்க மனசு வராமல் நம் பையன் ஆதர்ஷ் போட்டுத் தேய்த்த ஷூவில் ஓடினேன். முதல் மாதத்திலேயே ஒரு கிலோமீட்டரை நான்காக்கினேன். அது என் தப்பு. முட்டில் சேதம் எதுவும் இல்லை, தொடைக்கும் இடுப்புக்கும் பலம் போதவில்லை என்று பிசியோ டாக்டர் நஸீரா சொன்னார்கள். ஓட்டத்தைக் குறைத்தேன். ஐந்து வாரம் தினமும் அடுப்படி நாற்காலியில் இருபது தடவை உட்கார்ந்து எழுந்தேன், படியில் ஏறி இறங்கினேன். நீங்கள் அந்த நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்துதான் காபி குடித்தீர்கள். நான் ஏதோ தேடுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

அத்தையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர்களை உட்கார வைத்தது வலி மட்டுமா? எழுந்து நின்றால் போதும், 'உட்காரு, உட்காரு' என்று வீடு மொத்தமும் சொன்னது. நானும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

நான் சுவரைப் பிடித்து இறங்கியதைப் பார்த்தீர்கள் அல்லவா? 'வலிக்கா உமா?' என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆயிரம் மைல் ரயிலேறிப் போய் அம்மனிடம் சொல்லத் தெரிந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

உமா


செம்பூர்
7.2.2026

உமாவுக்கு,

செத்துப்போன என் அம்மாவை இழுத்து எழுதிவிட்டாய், சந்தோஷம். நீ ஓடினால் நான் வீட்டில் இருக்கமாட்டேன். கோபர்கைரனே குடோனில் படுத்துக்கொள்வேன். இனி இந்த விஷயமாகக் கடிதம் வேண்டாம்.

இசக்கிராஜ்


தாராவி
23.2.2026

அத்தானுக்கு,

பதினைந்து நாள் நீங்கள் சொன்னபடி எழுதாமல் இருந்தேன். நேற்று ஓடினேன். நாற்பத்தாறு நிமிஷம். நான்காவது கிலோமீட்டரில் முட்டு லேசாகப் பிடித்தது. நஸீரா சொல்லிக் கொடுத்தபடி கொஞ்ச தூரம் நடந்தேன், விட்டதும் மறுபடி ஓடினேன். கடைசிக் கோட்டில் எல்லார் வீட்டு ஆட்களும் நின்றார்கள். என் வீட்டு ஆள் இல்லை. அதைக்கூட எதிர்பார்த்துத்தான் போனேன்.

குடோனுக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தீர்கள். சாயங்காலம் நான் முட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள்.

இருபது வருஷமாக உங்களுக்குக் கேரியர் கட்டுகிறேன். நாளை முதல் கட்டமாட்டேன். கோயிலிலே சாப்பாடு போட்டால் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உமா


செம்பூர்
24.2.2026

உமா,

இன்று கேரியர் வரவில்லை. பக்கத்துக் கடைக்கு வந்த டப்பாக்காரரை நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் வீட்டில் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறேன்.

கோபம் எனக்கும் இருக்கிறது. அம்மாவைப் பற்றி நீ எழுதியதற்கு இன்னும் கோபம்தான். அது பொய் என்று சொல்ல முடியாததால் கூடுதல் கோபம்.

நேற்று முன்தினம் ஐஸைப் பார்த்துவிட்டு வெளியே போனேன் என்கிறாய். போனேன். எனக்கு இடது முட்டு நாலு வருஷமாக வலிக்கிறது. பதினோரு மணி நேரம் கடையில் நிற்கிறேன். மாடியேறும்போது நீ முன்னால் போ என்று உன்னை அனுப்புவது மரியாதைக்கு அல்ல, நான் கம்பியைப் பிடித்து ஏறுவதை நீ பார்க்கக் கூடாது என்றுதான். ஒருத்தரிடமும் சொன்னதில்லை, அம்மனிடம்கூட எனக்காகக் கேட்டதில்லை. உன்னிடம் 'வலிக்கா' என்று கேட்டால் நீ திருப்பிக் கேட்பாய். அந்தப் பயம்.

வெள்ளிக்கால் வாங்கிவிட்டேன், சித்திரையில் போட்டுவிடுகிறேன். மற்றது நான் உன்னைக் கேட்காமல் சொன்ன வார்த்தை என்று நேற்று தாராவி கோயிலில் நின்று சொல்லிவிட்டேன். தண்டம் என்ன வந்தாலும் என் தலையோடு போகட்டும், நீ ஓடு.

நஸீரா டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பார்கள்?

இசக்கிராஜ்