நசுங்காத எலுமிச்சம்பழம்

ஆடி 9, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை பைக் டிராக் ரேஸ், நேர்ரோட்டில் யார் முதலில் கோட்டைத் தொடுவது என்ற போட்டி. திருச்சுழி ரோட்டில், இன்னும் ஒரு வீடுகூட எழும்பாத பிளாட்டுகளுக்கு நடுவே போட்ட தார்ச்சாலையில் இன்று ஓட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரி செல்வி வழக்கம்போல முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி எலுமிச்சம்பழம் வைத்தாள். கிளட்சை விட்டதும் முன்சக்கரம் பழத்தைத் தொடாமலே வானத்துக்கு எழும்பியது. ஹெல்மெட்டுக்குள் சந்தோஷத்தில் கத்தினேன். திரும்பி வந்தால், பழம் முழுசாகக் கிடக்கிறது. பின்சக்கரமும் விலகிப் போயிருக்கிறது. சகுனம் சரியில்லையோ என்று பயந்தேன்.

செல்வி போனில் அளந்திருந்த ஓட்ட நேரத்தைக் காட்டினாள். "வீலிங் அடிச்சதுல ஒரு நொடி போச்சு. சக்கரம் தரையில இருந்தாத்தான வேகம்? ஞாயித்துக்கெழம இதே பழத்தத்தான் வைப்பேன். நசுக்கிட்டுப் போங்க, செயிச்சிருவீக."

ஜெயித்துவிடுவேன் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. பழம் மேசைமேல் இருக்கிறது. சக்கரத்தைத் தரையிலேயே வைத்து அதை நசுக்கத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது.