உங்க படத்துக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர்

இஞ்சேருங்க, என் விமலாவோட அப்பாவே,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்துப் பதினைந்து நாளாக உங்க படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டியிருந்தேன். கேட்டவர்களிடம், கண்ணாடியில் பல்லி எச்சம், துடைக்கணும் என்று சொன்னேன். பொய். கூடத்தில் இருக்கிற சாமானை நீங்க பார்த்துவிடக் கூடாது என்ற பயம்தான். செத்து நாலு வருஷமான மனுஷனிடம் பொருளை ஒளிக்கிறவள் திருவனந்தபுரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தமிழ்ச் சங்கத்து வாசகசாலையில் கையெழுத்துப் பத்திரிகை போடுகிறார்கள். பிரிந்தவர்களுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்க. என் சாம்பாரையே இருபது வருஷம் பொறுத்தவர்தானே. உங்க தோழர், யூனியன் செக்ரட்டரி சுகுமாரன் சகாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். யாராவது வாசித்துக் காட்டுவதாக இருந்தால், வரும் வெள்ளிக்கிழமை கழியட்டும், அப்புறம் காட்டட்டும்.

சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர். ஆமாம், அதேதான். கோபப்படாமல் கேளுங்க.

விமலா கைக்குழந்தையாக இருந்தபோது உங்க கம்பெனிக்கு அந்த மெசினை லாரியில் கொண்டுவந்தார்களே, ஞாபகம் இருக்கா? வேலை போய்விடும் என்று நீங்களும் சுகுமாரன் சகாவும் கேட்டுக்குக் குறுக்கே படுத்தீங்க. அன்று காலையில்தான் நீலம் போட்டு உலர்த்திக் கொடுத்த சட்டை. அதோடு தார்ரோட்டில் படுத்தீங்க. போராட்டத்தை நினைத்தால் எனக்கு இன்னும் முதலில் அந்தச் சட்டைதான் ஞாபகம் வருகிறது. கஞ்சி கொண்டுவந்த நான், "அது நம்ம வீட்டுக்கு வந்துட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். படுத்தபடியே சிரித்தீங்க.

"ஏட்டி தங்கம், அந்த மெசின் நம்ம வீட்டைவிடப் பெரிசு. அதுக்கு ஏசி போட்ட ரூமு வேணும். வெலைக்கு நம்ம தெருவையே வித்தாலும் காணாது. அது எங்க நம்ம வீட்டுக்கு வரப்போவுது?"

எல்லாம் சரியாகச் சொன்னீங்க. விலையை மட்டும் நம்பிவிட்டீங்க.

கொஞ்ச வருஷத்தில் அது பீரோ அளவுக்கு ஆனது. அப்புறம் மேஜைமேல் ஏறியது. நீங்க போனதற்கு மறுவருஷம், தம்பானூர் பக்கம் விமலா டைப் படிக்கிற இன்ஸ்டிட்யூட்டில் ஒன்றைக் கண்ணாடி அறைக்குள் வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம், கோயில் மாதிரி. அப்புறம் கல்ஃப்காரர்கள் வீட்டுக்கு வந்தது. ஒவ்வொரு தடவை விலை இறங்கும்போதும் அது நம்ம வீட்டுக்கு ஒரு தெரு பக்கத்தில் வந்து நின்றது. அரிசி விலை, மண்ணெண்ணெய் விலை ஏறினால் நான் பயந்திருக்கிறேன். விலை இறங்குகிறதே என்று பயந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

கடைசியில் ஆட்டோவில் வந்து இறங்கியது. விமலா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன மோளே, பிஸ்கட் டின்னா?"

"கம்ப்யூட்டரும்மா."

"மிச்சம் எங்க? லாரியில வருதா?"

"இவ்வளவுதான். நம்ம டிவியில சொருகினாப் போதும்."

கேசவதாசபுரத்தில் ஒரு கல்ஃப்காரர் வீட்டில் புதுசு வந்துவிட்டதாம், பழசை இவளுக்கு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். என்ன விலை என்று கேட்டேன். நம்ம டிவி விலையில் பாதி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூடுதல் விலை சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், பயந்திருக்க மாட்டேன்.

"ஏம்மா பயப்படுதே? இது தூத்துப் பெருக்காது. உன் வேலைக்கு ஒண்ணும் வராது."

"இன்னும் கொஞ்சம் வெல கொறையட்டும், அதையும் செய்யும்" என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். ஆனாலும் அன்றைக்குத் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன்.

நீங்க போன பிறகு யூனியன்தான் எனக்கு உங்க கம்பெனி ஆபீசிலேயே தூப்புக்காரி வேலை வாங்கிக் கொடுத்தது. தினக்கூலிதான். இப்போது சிலரை ஸ்திரமாக்கப் போகிறார்கள். யூனியன் கமிட்டியில் சுகுமாரன் சகாவு என் பேரைச் சொன்னால் நான் ஸ்திரம். சொல்லாவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் வராதே என்று சொல்லிவிடலாம். நான் பெருக்குகிற இடத்தில் டைப்ரைட்டர் இருந்த இரண்டு மேஜை இப்போது காலி. அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த சேச்சிமார் இரண்டு பேரும் எங்கே போனார்கள் என்று நான் கேட்கவில்லை. பதிலைக் கேட்கப் பயம். அவர்களுக்காக இன்றைக்கும் வாசலில் கோஷம் போடுகிற சகாவு, போராட்டத்தில் தன்னோடு தார்ரோட்டில் படுத்த மனுஷனின் வீட்டிலேயே அந்த மெசின் இருக்கிறது என்று கண்டால் என் பேரைச் சொல்வாரா?

போன ஞாயிற்றுக்கிழமை உங்க நினைவு நாள். வருஷா வருஷம் போல யூனியன்காரர்கள் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவதாக ஏற்பாடு. விமலா என்னை ஸ்திரமாக்கச் சொல்லும் மனுவை இங்கிலீஷில் அந்த மெசினில் அடித்துக்கொண்டிருந்தாள். திருத்தித் திருத்தி அடிக்கலாம், பேப்பர் பாழாகாது, கடைசியில் பார்த்து நல்ல தாளில் எழுதிக்கலாம் என்றாள். மூணு மணிக்கே வாசலில் சகாவின் இருமல் கேட்டது.

"அணைச்சிரு மோளே!"

"அணைச்சா எழுதினது எல்லாம் போயிரும்மா. இன்னும் கேசட்டுல ஏத்தல!"

படத்துக்குப் பக்கத்தில் வைக்க எடுத்து வைத்திருந்த உங்க யூனியன் கொடிதான் கைக்குக் கிடைத்தது. அதை மெசின் மேல் விரித்தேன். டிவி மேல் தோளில் கிடந்த என் நேரியதைப் போட்டேன். அப்போதுதான் பார்க்கிறேன், நீங்க சுவரைப் பார்த்து நிற்கிறீங்க. பாய்ந்து ஆணியிலிருந்து எடுத்து, வேறு இடம் தோன்றாமல், கொடி மேலேயே சாய்த்து நிறுத்தினேன். மாலையும் போட்டேன்.

ஆறு பேர் உள்ளே வந்தார்கள். சகாவு பூ வைத்தார். முஷ்டியை உயர்த்தி வணக்கம் சொன்னார்கள், உங்களுக்கும், உங்களுக்குக் கீழே இருந்ததற்கும் சேர்த்து. அப்புறம் மௌன அஞ்சலி. கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்போதுதான் கொடிக்குள்ளேயிருந்து கேட்டது. டிக், டிக், டிக், டிக். நிற்கவேயில்லை.

உங்க முகத்தைப் பார்த்தேன். பல் தெரியாமல் சிரிக்கிற அதே முகம். அந்தச் சத்தம் உங்களுடையதா? என்னைக் காட்டிக் கொடுக்கிறீங்களா, இல்லை எச்சரிக்கிறீங்களா?

"தங்கம்மே, அது எந்தா சத்தம்?" என்று சகாவு கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"பல்லி, சகாவே."

அவர் கண்ணைத் திறந்தார். என் நேரியதுக்குள்ளேயிருந்து நீலமாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

"பல்லிக்கு இத்ர வெளிச்சமுண்டோ?"

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, பாருங்களேன். சாயா குடித்தார். பழம்பொரியைத் தொடவில்லை. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "வெள்ளியாழ்ச்ச கமிட்டியுண்டு. மனுவும் கொண்டு வா" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்கு அவர் முகம் புரியும். எனக்குப் புரிந்ததே இல்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் அங்கேயே கொடியைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டாரா? உங்க முன்னால் வேண்டாம் என்று விட்டாரா? விமலா இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிற வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அவளுக்குச் சோறு போடப் போவது அது, என் சோற்றை எடுக்கப் போவதும் அதுவா? நீங்க இருந்தால் எந்தப் பக்கம் படுப்பீங்க?

நாளை மறுநாள் வெள்ளி. ஒன்று தீர்மானித்துவிட்டேன். கமிட்டி முன்னால், அவர் கேட்பதற்கு முன்னால், நானே சொல்லிவிடுவேன். "சகாவே, அது பல்லி இல்லை." அதைச் சொல்லிவிட்டுத்தான் மனுவைக் கொடுப்பேன். உங்களையும் இனிமேல் சுவரைப் பார்க்கத் திருப்ப மாட்டேன். இது சத்தியம். நல்லதோ கெட்டதோ, என்கூடச் சேர்ந்து பார்த்துக்கொண்டிருங்க.

இப்படிக்கு,
உங்க விமலாவின் அம்மை, பயந்தாங்கொள்ளி தங்கம்.

எழுத விட்டுப்போனது: அந்த டிக் டிக் என்னவென்று அவர்கள் போன பிறகு பார்த்தோம். உங்க படத்துச் சட்டத்தின் மூலை கொடிக்கு அடியில் மெசினில் தட்டுகிற கட்டை ஒன்றை அழுத்திக்கொண்டிருந்தது. எழுதினதைக் கடைசியிலிருந்து அழிக்கிற கட்டை அதுதானாம். இரண்டு பக்க மனுவில் 'ரெஸ்பெக்டட் சார்' மட்டும் பாக்கி இருந்தது.