மெக்கானிக் மலையேறி வந்தார்

9 நவம்பர் 1982, செவ்வாய். பண்ணைக்காடு.

மிளகு விற்ற பணத்தில் ஆசைப்பட்டு வாங்கிய வெளிநாட்டு ஸ்டீரியோவில் இடது ஸ்பீக்கர் ஊமையாகி நான்கு மாதம் ஆகிறது. வெளி ஆள் கை வைத்தால் கம்பெனி பொறுப்பேற்காது என்று மதுரைக் கடைக்காரர் மிரட்டியதால் தொடாமலே வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் கடை மெக்கானிக் வந்தார். மனைவி, மச்சினன், மூன்று பிள்ளைகளோடு கடை ஜீப்பில் வந்தார். காப்பி குடித்த கையோடு, பிள்ளைகளுக்கு ஏரியைக் காட்ட வேண்டும் என்று எல்லாரும் கொடைக்கானலுக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் திரும்பி வந்து, கோழிக் குழம்பு சாப்பிட்டு முடித்த பிறகு அவர் ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

"லேசா பாடுதே சார். கிட்டக்க உக்காந்து கேளுங்க."

விற்கும்போது கடைக்காரரோடு நின்று, பாடுகிறவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும் என்று சொன்ன அதே வாய்.

"சுத்தமா சத்தமே இல்லைங்க. கழட்டிப் பாருங்க."

"இருட்டுறதுக்குள்ள வெரசா மலை இறங்கணும் சார். மே மாசம் பூக் கண்காட்சிக்கு வருவோம்ல, அப்பக் கழட்டிருவோம்."

ஜீப்பில் பாய் இருந்தது, ஃபிளாஸ்க் இருந்தது, கேமராகூட இருந்தது. ஸ்க்ரூடிரைவர் இல்லை.

மலையேறி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் இந்த வீட்டில் கிடையாது. காப்பித்தூளையும் ஆரஞ்சு மூட்டையையும் நானே தூக்கிப் போய் ஜீப்பில் ஏற்றினேன். பிள்ளைகளுக்கு டாட்டா வேறு காட்டினேன். த்தூ.

என் மனைவி மீனாட்சி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"மே மாசம் எத்தனை பேருக்குங்க உலை வைக்கணும்?"